ட்விட்டரிலிருந்து மாஸ்டோடானுக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ட்விட்டரில் (இப்போது அதன் பெயர் எக்ஸ்) ஒன்பது வருடம் இருந்தேன். கூந்தன்குளத்துக்கும் சுற்றியுள்ள குளங்களுக்கும் வந்து போகும் பறவைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதினேன். 2022 அக்டோபரில் அந்த நிறுவனம் 44 பில்லியன் டாலருக்குக் கைமாறியது. அடுத்த சில மாதங்களில் என் டைம்லைனில் தெரிந்த முகங்கள் குறைந்துகொண்டே வந்தன. ட்விட்டர் போலவே சிறு பதிவுகள் எழுதும், ஆனால் பலர் தனித்தனிச் சர்வர்களில் நடத்தும் மாஸ்டோடானுக்கு நானும் மாறுவது என்று முடிவு செய்தேன்.

அந்த முதல் முயற்சியில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் 'போகிறேன்' என்று அறிவித்தேன். அப்புறம் கண்ணில் பட்ட சர்வரில் சேர்ந்தேன். பழைய கணக்கை முடக்கினேன். நான் எழுதியது எதற்கும் நகல் எடுக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. புது இடத்தில் இரண்டு வாரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினான்காம் நாள் பழைய கணக்கை மறுபடி திறந்தேன். எட்டு மாதம் கழித்து, வரிசை மாற்றி, நிதானமாக மறுபடி முயன்றேன். அன்றிலிருந்து மாஸ்டோடானில்தான் இருக்கிறேன்.

போய்ப் பார்த்துத் திரும்பி வந்த நண்பர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். யாரும் மாஸ்டோடான் கஷ்டம் என்பதற்காகத் திரும்பவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை தப்பிச் செய்ததால்தான் திரும்பினார்கள். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். மொத்தம் மூன்று வாரம் ஒதுக்கினால் போதும், தினமும் அரை மணி நேரம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய கணக்கின் கடவுச்சொல். அந்தக் கணக்கில் பதிவான மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் பழைய பதிவுகளின் நகலை, அதாவது ஆர்க்கைவைக் கேட்கும்போது சரிபார்ப்புக் குறியீடு அங்கேதான் வரும். சிம் மாற்றியிருந்தால் முதல் வேலையாகப் புது எண்ணைப் பதிவு செய்யுங்கள். புதுக் கணக்குக்கு ஒரு மின்னஞ்சல் வேண்டும், கைப்பேசி எண் தேவையில்லை. ஆதார், பான் என்று எந்த அடையாள ஆவணமும் மாஸ்டோடானில் சேரத் தேவையில்லை. யாராவது கேட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

1. ஆர்க்கைவை இன்றே கேளுங்கள்

ட்விட்டர் அமைப்புகளில் 'உங்கள் கணக்கு' என்ற பகுதிக்குப் போனால், உங்கள் தரவின் ஆர்க்கைவைப் பதிவிறக்கும் வசதி இருக்கும். கேட்டவுடன் வந்துவிடாது. ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். தயாரானதும் அறிவிப்பு வரும், அந்த இணைப்பு குறிப்பிட்ட நாள்களுக்குத்தான் உயிரோடு இருக்கும். வந்த அன்றே இறக்கிவிடுங்கள். நிறையப் படம் போட்டவர்களுக்குக் கோப்பு பல ஜிபி வரலாம், அதனால் கைப்பேசியில் இறக்காமல் கணினியில் வைஃபை வழியாக இறக்குங்கள்.

ஜிப் கோப்பை விரித்தால் உள்ளே ஓர் இணையப் பக்கக் கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் பழைய ட்வீட்டுகளைப் பார்க்கலாம், தேடலாம். படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். டிஎம்களும் (தனிச்செய்திகள்) இருக்கும்.

இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியல் உள்ளே இருக்கும், ஆனால் பெயர்களாக இருக்காது, எண்களாக இருக்கும். அதைப் பார்த்து யார் யார் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, புக்மார்க்குகள் அதில் வராது. புக்மார்க்கில் சமையல் குறிப்போ மருத்துவக் குறிப்போ சேர்த்து வைத்திருந்தால், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள்.

இந்த ட்வீட்டுகளை மாஸ்டோடானில் ஏற்ற முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கென்று அங்கே வசதி இல்லை. நகல் உங்கள் கணினியில் இருக்கும், புதுக் கணக்கு வெறுமையாகத் தொடங்கும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் பின்னால் மனம் சோராது.

2. யாரையெல்லாம் இழக்கக் கூடாது என்று நோட்டில் எழுதுங்கள்

முன்பெல்லாம் ட்விட்டர் நண்பர்களில் யார் மாஸ்டோடானில் இருக்கிறார்கள் என்று தானாகத் தேடித் தரும் கருவிகள் இருந்தன. 2023இல் ட்விட்டரின் ஏபிஐ (வெளிக் கருவிகள் ட்விட்டரின் தரவை எடுக்கும் வழி) கட்டணத்துக்குப் போனதும் அவை நின்றுவிட்டன. இப்போது கைவேலைதான்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டேன். நான் பின்தொடர்ந்தவர்கள் 700 பேருக்கு மேல். ஒவ்வொருவர் பெயரிலும் நின்று, 'இவர் நாளை காணாமல் போனால் எனக்குத் தெரியுமா?' என்று கேட்டுக்கொண்டேன். மிஞ்சியது 64 பேர். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அவரை வேறு எங்கே பிடிக்கலாம் என்ற குறிப்பு: மின்னஞ்சல், வலைப்பூ, வாட்ஸ்அப், மாஸ்டோடான் முகவரி. அவர்களில் 19 பேர் தங்கள் ட்விட்டர் பயோவிலேயே மாஸ்டோடான் முகவரியைப் போட்டிருந்தார்கள். நான்தான் அதுவரை கவனிக்கவில்லை.

மாஸ்டோடான் முகவரி மின்னஞ்சல் போல இரண்டு பகுதியாக இருக்கும்: @பெயர்@சர்வர். இரண்டாம் பகுதியையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வேறு வேறு சர்வர்களில் வேறு வேறு ஆட்கள் இருப்பார்கள்.

3. சர்வரைத் தேர்ந்தெடுப்பது

பலர் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன்.

மாஸ்டோடான் ஒரே தளம் இல்லை. ஒரே மென்பொருளை ஆயிரக்கணக்கானோர் தங்கள் தங்கள் சர்வரில் நடத்துகிறார்கள். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாக அந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுதுகிறோமே, அதுபோலத்தான். எந்தச் சர்வரில் இருந்தாலும் பெரும்பாலும் யாரையும் பின்தொடரலாம். அப்படியானால் எதில் சேர்ந்தால் என்ன? உங்கள் கணக்கு அந்தச் சர்வரில்தான் வாழ்கிறது. அதை நடத்துபவர் கைவிட்டால் உங்கள் கணக்கும் போய்விடும்.

நான் முதலில் சேர்ந்தது ஒரே ஆள் நடத்திய சின்னச் சர்வர். பெயர் அழகாக இருந்தது என்பதற்காகச் சேர்ந்தேன். ஒரு நாள் காலையில் பக்கம் திறக்கவில்லை, அப்புறம் எப்போதும் திறக்கவில்லை. அறிவிப்பும் இல்லை. அந்த மனிதருக்கு என்ன கஷ்டமோ, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே சேர்ந்திருந்த எங்கள் எல்லாரையும் பின்தொடர்ந்தவர்கள் அப்படியே அறுந்துபோனார்கள்.

அதனால் சேரும் முன் சர்வரின் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். அதில் பார்க்க வேண்டியவை:

எத்தனை பேர் நிர்வகிக்கிறார்கள்? குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். எத்தனை வருடமாக ஓடுகிறது? இரண்டு வருடம் தாண்டியிருந்தால் நல்லது. பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா? விதிகள் தெளிவாக இருக்கின்றனவா? 'அன்பாக இருங்கள்' என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தால், சண்டை வரும் நாளில் அது எதற்கும் உதவாது. சாதி, மத வெறுப்புப் பேச்சைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இனவெறி பற்றி விரிவாக எழுதிவிட்டுச் சாதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத சர்வர்கள் உண்டு. நிர்வாகிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வருகிறதா, எந்தத் தொனியில் வருகிறது என்பதிலேயே அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

அதே பக்கத்தின் கீழே, அந்தச் சர்வர் எந்தெந்தச் சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறது என்ற பட்டியலையும் பல இடங்களில் காணலாம். உங்கள் நோட்டில் உள்ள நண்பர்களின் சர்வர் அதில் இருந்தால், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. சேர்ந்த பிறகு இது தெரியவந்தால் மிகவும் வருத்தமாக இருக்கும், முன்பே பார்த்துவிடுங்கள்.

எங்கே தேடுவது? ஜாயின்மாஸ்டோடான் டாட் ஆர்க் தளத்தில் சர்வர் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறச் சில உறுதிமொழிகள் தர வேண்டும்: வெறுப்புப் பேச்சைத் தடுக்க வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி இருக்க வேண்டும், மூடுவதென்றால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். இது சட்டம் இல்லை, வாக்குதான். இருந்தாலும் வாக்குக் கொடுத்தவரிடம் சேருவது நல்லது.

சர்வர் முகவரியின் வால் பகுதியையும் பாருங்கள். குவியர் டாட் ஏஎஃப் என்று ஒரு சர்வர் இருந்தது. 'ஏஎஃப்' ஆப்கானிஸ்தானுக்கு உரிய டொமைன். 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அமைச்சகம் அந்தப் பெயரை நிறுத்தியது, சர்வரும் அதோடு நின்றது. கேட்க அழகாக இருக்கும் இரண்டெழுத்து வால்கள் ஏதோ ஒரு நாட்டின் கையில் இருப்பவை என்பது நினைவிருக்கட்டும்.

பெரிய சர்வரா, சின்னதா என்றால், முதல்முறை போகிறவருக்கு நான் நடுத்தரமானதையே சொல்வேன். உங்கள் சர்வரில் உள்ள யாராவது ஒருவர் பின்தொடரும் கணக்குகளின் பதிவுகள்தான் பெரும்பாலும் அந்தச் சர்வருக்கு வந்து சேரும். மிகச் சின்னச் சர்வரில் தமிழ் ஆட்களே இல்லையென்றால், #தமிழ் என்று தேடினாலும் பக்கம் காலியாக இருக்கும். உலகத்தில் யாரும் எழுதவில்லை என்று அர்த்தமில்லை, உங்கள் சர்வருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எதுவும் புரியவில்லை என்றால் மாஸ்டோடான் நிறுவனமே நடத்தும் மாஸ்டோடான் டாட் சோஷியலில் சேருங்கள். பின்னால் மாறிக்கொள்ளலாம், அதற்கு வழி 10ஆம் படியில் இருக்கிறது.

4. கணக்கைத் திறப்பது

சில சர்வர்களில் உடனே சேரலாம். சிலவற்றில் நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும், 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு பெட்டி இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள், 'ஹாய்' என்றும் எழுதாதீர்கள். விளம்பரக் கணக்குகளை வடிகட்டத்தான் அந்தப் பெட்டி. நீங்கள் யார், எதைப் பற்றி எழுதுவீர்கள், எந்த மொழியில் எழுதுவீர்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒப்புதல் சில மணி நேரத்திலும் வரலாம், சில நாளும் ஆகலாம். எனக்கு இரண்டாம் நாள் இரவு வந்தது. அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது, நீங்களும் ஸ்பேமைப் பாருங்கள்.

பயனர்பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு (_) இவற்றில்தான் வைக்க முடியும், பின்னால் அதை மாற்றவும் முடியாது. காட்சிப்பெயரைத் தமிழில் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ட்விட்டரில் இருந்த அதே பயனர்பெயர் கிடைத்தால் அதையே வையுங்கள், தேடி வருபவர்களுக்கு எளிது.

5. யாரையும் அழைக்கும் முன் வீட்டை ஒழுங்கு செய்யுங்கள்

இதற்கு ஒரு மாலை போதும். ஆனால் இதைச் செய்யாமல் விட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

முதலில் இரண்டடுக்குப் பாதுகாப்பு. கைப்பேசிச் செயலி வழியாகக் குறியீடு தரும் முறை இருக்கிறது. அதைப் போட்டதும் மீட்புக் குறியீடுகள் தருவார்கள், காகிதத்தில் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்து, குறியீடும் இல்லை என்றால் உதவி செய்ய அங்கே வாடிக்கையாளர் சேவை மையம் கிடையாது. நிர்வாகிக்கு எழுதிவிட்டு, அவர் ஓய்வு நேரத்தில் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது 'பிரைவசி அண்ட் ரீச்' பக்கம். இங்கே இரண்டு தேர்வுகள் முக்கியம். ஒன்று, உங்கள் கணக்கைப் பிறருக்குப் பரிந்துரைக்க அனுமதிப்பது. இன்னொன்று, உங்கள் பொதுப் பதிவுகள் தேடலில் வர அனுமதிப்பது. நீங்களாக அனுமதி தராதவரை உங்கள் எழுத்து தேடலில் வராது. பயனரின் அந்தரங்கத்தை மதித்து அப்படி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் மரியாதைதான். ஆனால் இது தெரியாமல், 'ஏன் யாருக்கும் நான் தெரியவில்லை?' என்று நான்கு மாதம் தவித்த ஒரு கவிஞரை எனக்குத் தெரியும். பலர் பார்க்க வேண்டும் என்று விரும்பினால் இரண்டையும் போடுங்கள்.

மூன்றாவது மொழி. பதிவின் இயல்பு மொழியைத் தமிழ் என்று வையுங்கள். அதை ஆங்கிலமாக விட்டுவிட்டால், தமிழ்ப் பதிவுகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பவர்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அதே அமைப்புகளில், எந்த மொழிப் பதிவுகள் உங்களுக்குக் காட்டப்பட வேண்டும் என்ற வடிகட்டியும் இருக்கிறது. அதில் ஆங்கிலத்தை மட்டும் தேர்ந்திருந்தால் தமிழ் மறைந்துவிடும். முகப்பையும் தமிழுக்கு மாற்றலாம், சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும்.

பிறகு முகப்புப் படம், பயோ. சொந்த வலைப்பூ இருந்தால் இணைப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அமைப்புகளில் தரப்படும் ஒரு சிறிய குறிமுறை வரியை உங்கள் வலைப்பூவில் ஒட்டினால், மாஸ்டோடானில் அந்த இணைப்பு பச்சையாகும். இதற்குக் காசு கிடையாது. 'இவர் அந்த ஆள்தான்' என்று பழைய வாசகர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கடைசியாக, ஐந்து பதிவுகளாவது எழுதிவிடுங்கள். ஒன்று அறிமுகம், அது உங்கள் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். காலிக் கணக்கைப் பின்தொடர யாருக்கும் மனம் வராது, போலிக் கணக்கு என்றுதான் நினைப்பார்கள்.

6. டைம்லைனை நிரப்புவது

அல்காரிதம் எதையும் கொண்டுவந்து முன்னால் வைக்காது. நீங்கள் பின்தொடர்பவர்கள் எழுதியது, எழுதிய நேர வரிசையில் வரும். பத்துப் பேரைப் பின்தொடர்ந்தால் டிஎல் (டைம்லைன்) பாலைவனம். முதல் வாரத்தில் குறைந்தது 80 பேரைத் தேடிப் பின்தொடருங்கள், வேண்டாதவர்களைப் பின்னால் விலக்கிக்கொள்ளலாம்.

நோட்டில் உள்ளவர்களிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் முகவரியை முழுமையாக, இரண்டு @ குறியோடும், உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டினால் ஆள் கிடைத்துவிடுவார். அவர்களுடைய சர்வர் பக்கத்துக்கே போய் 'ஃபாலோ' அழுத்தாதீர்கள், அங்கே நீங்கள் உள்நுழைந்திருக்கமாட்டீர்கள். புதிதாக வந்த எல்லாரும் இங்கே ஒருமுறையாவது குழம்புகிறார்கள். ஒருவருடைய கணக்கில் பழைய பதிவுகள் தெரியவில்லை என்றாலும் பயப்படாதீர்கள். உங்கள் சர்வரில் யாரும் இதுவரை அவரைப் பின்தொடரவில்லை என்பதுதான் காரணம். இனி எழுதுவது வரும்.

அப்புறம், ஹேஷ்டேகையே பின்தொடரலாம். எனக்கு டிஎல் உயிர்பெற்றது இதனால்தான். #தமிழ், #பறவைகள் இரண்டையும் தொடர்ந்தேன், ஆங்கிலத்தில் பறவைகளுக்கான ஹேஷ்டேகையும் சேர்த்தேன். மறுநாள் காலை யாரோ ஒரு பின்லாந்துக்காரர் தன் வீட்டுச் சன்னலில் வந்து உட்கார்ந்த சிட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதில்தான் அங்கே எனக்கு அமைந்த முதல் உரையாடல்.

இன்னொரு பழக்கம் மாற வேண்டும். பிடித்த பதிவுக்கு நட்சத்திரம் போட்டால் எழுதியவருக்கு மட்டும் அறிவிப்பு போகும், பதிவு யாருக்கும் பரவாது. பரவ வேண்டுமென்றால் பூஸ்ட் (ட்விட்டரின் ரீட்வீட் போன்றது) செய்ய வேண்டும். தமிழ் எழுத்துக்கு இங்கே கூட்டம் குறைவு, அதனால் நல்லதைப் பார்த்தால் தயங்காமல் பூஸ்ட் செய்யுங்கள்.

7. இப்போது அறிவியுங்கள்

மூன்றாம் வாரத்தில் சொன்னால் போதும். புது முகவரியை ட்விட்டர் பயோவில் போடுங்கள். ஒரு ட்வீட் எழுதி அதை 'பின்' செய்யுங்கள், மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் மறுபடி சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் பத்தில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். நோட்டில் உள்ள முக்கியமானவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். நான் எழுதிய 64 பேரில் 23 பேர் வந்தார்கள். வராதவர்களை வற்புறுத்தவில்லை. மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கொஞ்சக் காலம் இரண்டு இடத்திலும் எழுத நினைத்தால், பஃபர் போன்ற கருவிகள் மாஸ்டோடானுக்கும் அனுப்பும். ஆனால் அனுப்பிவிட்டுப் பதில்களைப் பார்க்காமல் இருக்காதீர்கள். அங்கே பதில் எழுதாதவரை விரைவில் மறந்துவிடுவார்கள்.

8. எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான சர்வர்களில் ஒரு பதிவுக்கு 500 எழுத்து வரை இடம் உண்டு. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 எழுத்தாகவே கணக்கிடப்படும். எழுதியதைத் திருத்தலாம், திருத்தம் நடந்தது மற்றவர்களுக்கும் தெரியும்.

படம் போட்டால் விவரிப்பு எழுதுங்கள். பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியாக அதைக் கேட்கிறார்கள். அங்கே இது மரியாதைக்குரிய வழக்கம், விவரிப்பு இல்லாத படத்தைப் பலர் பூஸ்ட் செய்வதில்லை. நான் முதலில் 'பறவை' என்று ஒரு சொல் போட்டுக்கொண்டிருந்தேன். பார்வையற்ற ஒரு வாசகர், 'என்ன செய்கிறது அந்தப் பறவை?' என்று கேட்டார். அன்றிலிருந்து இப்படி எழுதுகிறேன்: 'குளத்தோரச் சேற்றில் நான்கு வரித்தலை வாத்துகள். மூன்று தலை குனிந்து மேய்கின்றன. ஒன்று மட்டும் கழுத்தை நீட்டி நம் பக்கம் பார்க்கிறது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன.' இப்படி எழுதத் தொடங்கிய பிறகு நானே படத்தைக் கூர்ந்து பார்க்கிறேன்.

மரணம், வன்முறை, கடும் அரசியல் போன்றவற்றை உள்ளடக்க எச்சரிக்கைக்குப் பின்னால் வைக்கும் வழக்கமும் உண்டு. சர்வருக்குச் சர்வர் எதிர்பார்ப்பு மாறும், விதிகளைப் பாருங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: மாஸ்டோடானின் தனிச்செய்தி ரகசியம் இல்லை. அது மறைகுறியாக்கப்படுவதில்லை, உங்கள் சர்வரின் நிர்வாகியும் அவருடைய சர்வரின் நிர்வாகியும் நினைத்தால் பார்க்க முடியும். இன்னும் ஆபத்தானது, தனிச்செய்தியில் மூன்றாம் ஆளின் பெயரை @ போட்டு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிப் பேசும்போது @ இல்லாமல் எழுதுங்கள். வங்கி எண், முகவரி, மருத்துவ விவரம் எதையும் அதில் அனுப்ப வேண்டாம். அதற்குச் சிக்னல் செயலி இருக்கிறது.

அழித்தது அழிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். அழிப்பு ஆணை மற்ற சர்வர்களுக்குப் போகும், பெரும்பாலானவை கேட்கும். எல்லாம் கேட்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

9. பழைய கணக்கை என்ன செய்வது

உடனே அழிக்காதீர்கள். முடக்கிய கணக்கு 30 நாள் கழித்து நிரந்தரமாகப் போய்விடும், அந்தப் பெயரை நாளை வேறு யாராவது எடுத்துக்கொண்டு உங்களைப் போல நடிக்கவும் வாய்ப்பு உண்டு. பூட்டி வைப்பது, அதாவது உங்களைப் பின்தொடர்பவர்கள் மட்டும் ட்வீட்டுகளைப் பார்க்கும்படி வைப்பது நல்லது. ஆனால் பூட்டினால் 'பின்' செய்த ட்வீட் புதியவர்களுக்குத் தெரியாது, பயோ மட்டுமே தெரியும். அதனால் புது முகவரி பயோவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். நான் ஆறு மாதம் பூட்டாமல் வைத்திருந்துவிட்டுத்தான் பூட்டினேன். இன்றும் மாதம் ஒருவர் அந்த வழியாக வருகிறார்.

அழித்தே தீர வேண்டும் என்றால், ட்விட்டர் கணக்கை வைத்து உள்நுழையும் வேறு தளங்கள் உண்டா என்று 'இணைக்கப்பட்ட செயலிகள்' பகுதியில் முதலில் பாருங்கள். அங்கெல்லாம் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டு அழியுங்கள். என் தோழி ஒருத்தி அதைப் பார்க்காமல் அழித்ததில், தன் பழைய வலைப்பூவுக்குள் நுழைய முடியாமல் இரண்டு மாதம் அலைந்தாள்.

10. மாதம் ஒரு முறை, பிறகு சர்வர் மாற வேண்டி வந்தால்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' பக்கத்துக்குப் போய் நான்கு சிஎஸ்வி கோப்புகளை (பட்டியலாகத் திறக்கும் எளிய கோப்புகள்) இறக்குகிறேன்: பின்தொடர்பவை, பட்டியல்கள், தடுத்தவை, புக்மார்க்குகள். ஐந்து நிமிட வேலை. பதிவுகளின் முழு ஆர்க்கைவை ஏழு நாளுக்கு ஒரு முறை கேட்கலாம்.

சர்வர் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தாலோ, உங்களுக்கே பிடிக்காமல் போனாலோ, இப்படி மாறுங்கள். புதுச் சர்வரில் கணக்குத் திறந்து, அதன் அமைப்புகளில் 'வேறு கணக்கிலிருந்து வருகிறேன்' என்ற இடத்தில் பழைய முகவரியைப் பதியுங்கள். பிறகு பழைய கணக்குக்குப் போய், 'வேறு கணக்குக்குப் போகிறேன்' என்ற இடத்தில் புது முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே புதுக் கணக்குக்கு நகர்வார்கள், சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ ஆகும். பதிவுகள் வராது. நீங்கள் பின்தொடர்ந்தவர்களும் தாமாக வரமாட்டார்கள், சிஎஸ்வி கோப்பைப் புதுக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

ஏற்றும்போது 'சேர்', 'மேலெழுது' என்று இரண்டு தேர்வு வரும். 'சேர்' என்பதையே அழுத்துங்கள். மேலெழுதினால் புதுக் கணக்கில் அதற்குள் பின்தொடர்ந்த எல்லாரும் போய்விடுவார்கள். எனக்கு 40 பேர் போனார்கள், ஒவ்வொருவராகத் திரும்பத் தேடினேன்.

ஒரு முறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். முக்கியமாக, பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். மூடுகிறோம் என்று சொன்ன அன்றே வேலையைத் தொடங்குங்கள், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

11. செலவு

சேரக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. அதிகாரப்பூர்வச் செயலி இலவசம். ஆண்ட்ராய்டில் நான் பயன்படுத்தும் டஸ்கியும் இலவசம். இணைய உலாவியிலேயே திறந்தாலும் எல்லா வசதியும் உண்டு.

ஆனால் சர்வருக்கு வாடகை, படங்களைச் சேமிக்க இடம், நிர்வாகியின் இரவுத் தூக்கம் எல்லாம் யாரோ ஒருவர் கையிலிருந்து போகிறது. முதல் மூன்று மாதம் இருந்து பாருங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள். நான் மாதம் 200 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறேன். பெரும்பாலான சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பதால், உங்கள் வங்கிச் செயலியில் அட்டையின் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டணத்தை வங்கி தனியாக எடுக்கும். மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு என் அட்டையில் இரண்டு முறை நின்றுபோனது. அதனால் இப்போது வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில் மொத்தமாக அனுப்புகிறேன், அனுப்பியதும் சர்வதேசப் பரிவர்த்தனையை மறுபடி மூடிவிடுகிறேன்.